பைண்டு, என்எஸ்டி, நாட், பவர்டிஎன்எஸ்: உங்கள் ஸோன்களுக்கு எந்த சர்வர்?

சொந்த டொமைன்களுக்குச் சொந்தமாகவே டிஎன்எஸ் சர்வர் (பெயரைக் கேட்டால் அதற்குரிய முகவரியைச் சொல்வது) வைக்கலாம் என்று முடிவானதும் பலரும் முதலில் தேடுவது வேக ஒப்பீட்டு வரைபடங்களைத்தான். அவற்றை இப்போதைக்கு மூடி வைக்கலாம். சில நூறு ஸோன்கள் (ஒரு டொமைனின் பெயர்ப் பதிவுகளின் தொகுப்புதான் ஸோன்) என்ற அளவில், சின்னதொரு மெய்நிகர் இயந்திரத்தில் தலைப்பில் உள்ள நான்கு சர்வர்களில் எதைப் போட்டாலும் அது பெரும்பாலும் சும்மாதான் உட்கார்ந்திருக்கும். நம் முடிவைத் தீர்மானிக்க வேண்டிய கேள்வி வேறு: ஸோனின் மூலப் பிரதி எங்கே இருக்கப்போகிறது, அதில் எழுதப்போவது யார்? நீங்கள் எடிட்டரில் திறந்து திருத்தும் கோப்பா, சர்வரே மாற்றி எழுதிக்கொள்ளும் கோப்பா, தரவுத்தளத்தில் ஒரு அட்டவணையா? இதை யோசிக்காமல் சர்வரை நிறுவியவர்கள்தான், தாங்கள் அக்கறையாக எழுதிய கமெண்டுகள் எல்லாம் ஒரு நாள் கோப்பிலிருந்து காணாமல் போயிருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள்.

அதற்கு முன் இன்னொன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். டிஎன்எஸ் சர்வர் செய்வது இரண்டு வெவ்வேறு வேலைகள். தன்னிடம் உள்ள ஸோன்களுக்கு அதிகாரபூர்வமாகப் பதில் சொல்வது ஒன்று. யார் எந்தப் பெயரைக் கேட்டாலும் பெயர் மரத்தின் உச்சியான ரூட்டில் தொடங்கித் தேடிக் கண்டுபிடித்துத் தருவது மற்றொன்று. இதற்குத்தான் ரிகர்ஷன் என்று பெயர். நான்கில் பைண்டு மட்டும் இரண்டையும் ஒரே புராசஸில் செய்யும். மற்ற மூன்றும் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்ளும். இணையத்தைப் பார்த்து நிற்கும் சர்வரில் ரிகர்ஷன் எல்லோருக்கும் திறந்திருந்தால், போலி முகவரியிலிருந்து சின்னக் கேள்வி அனுப்பிப் பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டும் தாக்குதல்களுக்கு நீங்களே இலவசக் கூட்டாளி. பைண்டு இப்போது இயல்பாகவே தன் இயந்திரத்துக்கும் பக்கத்து நெட்வொர்க்குக்கும் மட்டும்தான் ரிகர்ஷன் தரும். ஆனால் வாடகை இயந்திரத்தில் அந்தப் 'பக்கத்து நெட்வொர்க்' என்பது முன்பின் தெரியாதவர்களின் இயந்திரங்கள். ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ரிகர்ஷன் நோ' என்று வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது.

உள் நெட்வொர்க்கில் பத்துப் பன்னிரண்டு இயந்திரங்களுக்குப் பெயர் வைப்பதுதான் உங்கள் தேவை என்றால், இந்த நான்குமே அதிகம். ரிகர்ஷன் செய்யும் அன்பவுண்டு என்ற சர்வரில் லோக்கல்-ஸோன், லோக்கல்-டேட்டா என்று சில வரிகள் எழுதினால் போதும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன சர்வரிலும் இதே கதைதான். பெயர்களை இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 8375 ஒதுக்கிய ஹோம்.ஆர்பா-வின் கீழோ, 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் தனிப்பயனுக்கென்று ஒதுக்கிவைத்த இன்டர்னல் என்பதன் கீழோ வையுங்கள். லோக்கல் என்று முடியும் பெயர்கள் வேண்டாம், அது சர்வர் இல்லாமலே உள் நெட்வொர்க்கில் பெயர் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸின் இடம்.

நான்குக்கும் பொதுவான கோப்பு

ஸோன் கோப்பின் வடிவம் 1987-இல் வந்த ஆர்எஃப்சி 1035-இலேயே வரையறுக்கப்பட்டுவிட்டது. பைண்டுக்கு எழுதிய கோப்பை என்எஸ்டியும் நாட்டும் அப்படியே படிக்கும். பவர்டிஎன்எஸ்ஸும் அதை இறக்குமதி செய்துகொள்ளும். ஆகவே சர்வரை மாற்றினாலும் கோப்பு வீணாகாது. கோப்பில் இருக்கும் தவறுகளும் கூடவே வரும் என்பதுதான் சிக்கல்.

பெயரின் கடைசிப் புள்ளி அதில் முதலாவது. மெயில்.எக்ஸாம்பிள்.காம் என்று எழுதி முடிவில் புள்ளி வைக்காமல் விட்டால், சர்வர் அதன் பின்னால் ஸோனின் பெயரையும் ஒட்டி மெயில்.எக்ஸாம்பிள்.காம்.எக்ஸாம்பிள்.காம் ஆக்கிவிடும். இலக்கணப்படி இது தவறே இல்லை என்பதால் சோதனைக் கருவிகள் பல நேரங்களில் வாய் திறக்காது. அப்புறம் சிநேம், அதாவது ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பிவிடும் ரெக்கார்டு. ஒரு பெயருக்கு சிநேம் இருந்தால் வேறு ரெக்கார்டு அங்கே இருக்கக்கூடாது. ஸோனின் உச்சியில் எஸ்ஓஏ-வும் (ஸோனின் பொது விவரங்கள்) என்எஸ்ஸும் (ஸோனுக்குப் பதில் சொல்லும் சர்வர்களின் பெயர்) கட்டாயம் என்பதால் அங்கே சிநேம் வைக்க வழியே இல்லை. மின்னஞ்சல் சர்வரைச் சொல்லும் எம்எக்ஸ், என்எஸ் ரெக்கார்டுகள் சிநேம் ஒன்றைச் சுட்டுவதும் விதிப்படி தவறு.

எஸ்ஓஏ-வின் எண்களைப் பலரும் எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டுகிறார்கள். அதில் யோசித்து வைக்க வேண்டியவை இரண்டு. எக்ஸ்பயர் என்பது, பிரைமரியை (மூலப் பிரதி உள்ள சர்வர்) தொடர்புகொள்ள முடியாவிட்டாலும் செகண்டரி (அதிடமிருந்து நகல் வாங்கும் சர்வர்) எவ்வளவு காலம் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் என்ற கணக்கு. ஆர்எஃப்சி 1912 இதற்கு 2 முதல் 4 வாரம் வரை பரிந்துரைக்கிறது. இதை ஒரு நாள் என்று வைத்தால், வார இறுதியில் பிரைமரி படுத்துவிட்டால் திங்கட்கிழமைக்குள் செகண்டரியும் கைவிரித்துவிடும். 1209600, அதாவது 14 நாள், நல்ல எண். கடைசி எண்ணான மினிமம், பெயரே மயக்கும் ஒன்று. 1998-இன் ஆர்எஃப்சி 2308-க்குப் பிறகு அதன் பொருள் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பதுதான். புதிய சப்டொமைன்களை அடிக்கடி சேர்ப்பவர்கள் இதை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருப்பது நல்லது.

ஸோன் மாறும்போதெல்லாம் ஏற்ற வேண்டிய சீரியல் எண் 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும், உச்சம் 4294967295. ஆண்டு, மாதம், நாள், பின் இரண்டு இலக்கம் என்று 2025010101 போல எழுதும் பழக்கம் இதற்குள் வசதியாகப் பொருந்துகிறது. தேதி முறையிலிருந்து, வினாடிகளை எண்ணும் யூனிக்ஸ் நேர முறைக்குக் கையால் மாறுகிறவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். யூனிக்ஸ் நேரம் இன்னும் 200 கோடியைத் தொடவில்லை. தேதி முறை எண்களோ 200 கோடியைத் தாண்டியவை. எண் குறைந்துவிட்டதால் செகண்டரிகள் புது ஸோனைக் கண்டுகொள்ளவே மாட்டா. பிழைச் செய்தியாக உங்களுக்கு எதுவும் கண்ணில் படாது. பழைய பதில்கள் மட்டும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும்.

பைண்டு: எல்லாம் தெரிந்த பெரியவர்

1980-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்து, இப்போது ஐஎஸ்சி என்ற அமைப்பின் பராமரிப்பில் இருக்கிறது. பைண்டு 9 வெளியானது 2000-இல். கான்ஃபிக் கோப்பான நேம்டு.கான்ஃப் முழுக்க நெளி அடைப்புக்குறிகளும் அரைப்புள்ளிகளும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் சர்வர் எழாது, ஆனால் நேம்டு-செக்கான்ஃப் எந்த வரி என்று சொல்லிவிடும். டெபியன் வகை விநியோகங்கள் இதை மூன்று துண்டாகப் பிரித்திருக்கின்றன: ஆப்ஷன்ஸ் கோப்பு, நம் ஸோன்களை அறிவிக்கும் லோக்கல் கோப்பு, லோக்கல்ஹோஸ்ட் போன்றவற்றுக்கான டிஃபால்ட்-ஸோன்ஸ். மூன்றாவதைத் தொடவே தேவையில்லை.

பைண்டைத் தேர்ந்தெடுக்க வலுவான காரணம் வியூ வசதி. கேட்பவர் யார் என்று பார்த்து ஒரே பெயருக்கு உள்ளே ஒரு பதில், வெளியே ஒரு பதில் தர வேண்டுமென்றால் இதைவிட நேரடியான வழி நான்கில் வேறில்லை. ஆனால் ஒரு வியூ எழுதிவிட்டால் எல்லா ஸோன்களும் ஏதாவதொரு வியூவுக்குள் வந்தாக வேண்டும், அதனால் பழைய கான்ஃபிக்கில் பாதியை மாற்றி எழுத வேண்டிவரும். வியூ தேவைப்படலாம் என்று தோன்றினால் முதல் நாளே அதை மனதில் வைத்து எழுதுவது பிற்பாடு படும் பாட்டைக் குறைக்கும். இரண்டு தனி சர்வர்கள் வைத்து வேலையைப் பிரித்துக்கொள்வது அதைவிடப் புரிந்துகொள்ள எளிது என்பது என் எண்ணம். இயந்திரம் ஒன்றுதான் இருக்கிறது என்பவர்களுக்கு வியூ.

மூலப் பிரதி யார் கையில் என்ற கேள்விக்கு பைண்டு தரும் பதில் இரட்டை. ஸோனில் டைனமிக் அப்டேட்டை (நெட்வொர்க் வழியாக ரெக்கார்டுகளை மாற்றுவது) அனுமதிக்காதவரை கோப்பு உங்களுடையது. அனுமதித்த நொடியிலிருந்து அது பைண்டுடையது: மாற்றங்கள் முதலில் ஜர்னல் என்ற மாற்றப் பதிவேட்டில் விழும், பிறகு கோப்பு மொத்தமாக மாற்றி எழுதப்படும், கமெண்டுகள் போய்விடும், வரிசையும் மாறிவிடும். அதைக் கையால் திருத்த வேண்டுமானால் ஆர்என்டிசி ஃப்ரீஸ் கட்டளையால் நிறுத்தி, திருத்தி, ஆர்என்டிசி தா (thaw) கட்டளையால் விடுவிக்க வேண்டும். இணையதளச் சான்றிதழ் புதுப்பிப்புக்காக டிஎன்எஸ்ஸில் டெக்ஸ்ட் ரெக்கார்டு எழுதும் கருவிகளைப் பயன்படுத்துபவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அதற்கென்றே ஒரு சின்னத் துணை ஸோன் ஒதுக்கி, அதை மட்டும் டைனமிக் ஆக்கி, சான்றிதழ் தருபவர் சோதிக்கும் 'சவால்' பெயரை சிநேம் வழியாக அங்கே திருப்பிவிட்டால் முதன்மை ஸோனின் கோப்பு உங்கள் கையிலேயே இருக்கும். எந்த சர்வர் வைத்திருந்தாலும் இந்த ஏற்பாடு உதவும்.

பதில்கள் போலியல்ல என்று நிரூபிக்கும் டிஎன்எஸ்செக் கையெழுத்து ஒரு காலத்தில் பைண்டில் தலைவலியாக இருந்தது. 9.16-இல் டிஎன்எஸ்செக்-பாலிசி வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. ஸோன் அறிவிப்பில் 'டிஎன்எஸ்செக்-பாலிசி டிஃபால்ட்' என்ற வரியோடு இன்லைன்-சைனிங்கையும் போட்டால், சாவி உருவாக்கிக் கையெழுத்திடுவது அதன் பொறுப்பு. நீங்கள் எழுதிய கோப்பைத் தொடாமல் கையெழுத்திட்ட பிரதியைத் தனியே வைத்துக்கொள்ளும். ஒரு நடைமுறைத் தடை உண்டு. டெபியன், உபுண்டு இரண்டிலும் நிரல்களின் அணுகலைக் கட்டுப்படுத்தும் ஆப்ஆர்மர் விதிகள் இருப்பதால் இடிசி-யின் கீழுள்ள பைண்டு அடைவில் சர்வரால் எழுத முடியாது. கையெழுத்திடும் ஸோன்களையும் சாவிகளையும் வார்-லிப்-பைண்டு அடைவில் வைக்க வேண்டும். லாக்கில் 'பெர்மிஷன் டினைடு' வந்ததும் அடைவின் உரிமையாளரை மாற்றி மாற்றிப் பார்த்து அலுத்துப்போவோர் பலர். தடுப்பது கோப்பு அனுமதி அல்ல, ஆப்ஆர்மர்.

பைண்டின் குறை அதன் நிறையிலேயே இருக்கிறது. எல்லாம் தெரிந்த மென்பொருளில் பாதுகாப்புப் பிழைகளுக்கும் இடம் அதிகம். ஐஎஸ்சி அறிவிப்புகளைத் தொடர்ந்து கவனித்து உடனுக்குடன் மேம்படுத்த முடியாதவர்கள் இதை இணையத்தில் நேரடியாக நிறுத்துவதற்கு முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

என்எஸ்டி பற்றிச் சொல்ல அதிகமில்லை, அதுவே அதற்கான பாராட்டு. நெதர்லாந்தின் என்எல்நெட் லேப்ஸ் உருவாக்கியது. ரைப் என்சிசி நடத்தும் கே-ரூட் சர்வரில் ஓடிய அனுபவம் உள்ளது. கோப்பைப் படிக்கும், பதில் சொல்லும், பிரைமரியிடமிருந்து ஸோனை வாங்கி வைக்கும். கான்ஃபிக்கில் ஸோன், பேட்டர்ன், கீ என்று தனித்தனிப் பகுதிகள். பேட்டர்ன் ஒன்றில் பொது அமைப்புகளை எழுதிவிட்டால் புது ஸோனுக்கு மூன்று வரி போதும். ஸோனை யாருக்குத் தரலாம் என்று புரொவைடு-எக்ஸ்எஃப்ஆர் வரியில் சொல்லாதவரை யாருக்கும் தராது. டிஎன்எஸ்செக் கையெழுத்தை அது தானாகச் செய்யாது. எல்டிஎன்எஸ்-சைன்ஸோன் போன்ற கருவியால் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும், காலாவதியாகும் முன் மறுபடி கையெழுத்திட, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலை ஒன்றும் வைக்க வேண்டும். அந்தக் கிரான் வேலை ஒருமுறை சத்தமில்லாமல் நின்றால், கையெழுத்துக் காலம் முடிந்ததும் கையெழுத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர்கள் (பெயர்களைத் தேடித் தரும் சர்வர்கள்) அனைத்துக்கும் உங்கள் டொமைன் இல்லாததுபோல் ஆகிவிடும். பிரைமரியாக இதை வைத்து டிஎன்எஸ்செக்கும் செய்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். செகண்டரியாக வைப்பதற்கு இதைவிட நிம்மதியானது இல்லை.

நாட்: கையால் எழுதுபவர்களுக்கு

செக் குடியரசின் டொமைன் பதிவகமான சிஇசட்-என்ஐசி 2011-இல் வெளியிட்டது. கான்ஃபிக் யாமல் பாணியில் இருக்கும், வரித்தொடக்க இடைவெளிகளுக்குப் பொருள் உண்டு. ரிமோட், ஏசிஎல், டெம்ப்ளேட், ஸோன் என்ற பகுதிகள் ஒன்றையொன்று பெயரால் சுட்டும். முதல் பார்வையில் இது சுற்றி வளைப்பது போலத் தெரியும். யாரோடு பேசலாம் என்பது ரிமோட், அவர் என்ன செய்யலாம் என்பது ஏசிஎல் என்று பிரித்துப் பார்த்துவிட்டால் நேம்டு.கான்ஃப்பை விட எளிதாகப் படிக்கலாம்.

கையெழுத்து விஷயத்தில் நான்கில் எனக்குப் பிடித்தது இது. 'டிஎன்எஸ்செக்-சைனிங் ஆன்' என்று எழுதினால் இசிடிஎஸ்ஏ சாவிகளை உருவாக்கி, ஸோன் சாவியை 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் இயல்பு அமைப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. ஸோன்ஃபைல்-சிங்க் என்பதன் இயல்பு மதிப்பு 0. அதாவது மாற்றம் நடந்தவுடன் கையெழுத்துகளோடு சேர்த்து முழு ஸோனையும் உங்கள் கோப்பின் மேலேயே எழுதிவிடும். நாற்பது வரிக் கோப்பு ஒரே இரவில் சில நூறு வரிகளாகி, நடுவில் நீண்ட குறியீட்டுச் சரங்கள் நிரம்பியிருக்கும். தவிர்க்க வழி அதன் ஆவணத்திலேயே இருக்கிறது: ஸோன்ஃபைல்-சிங்க் -1, ஸோன்ஃபைல்-லோடு டிஃபரன்ஸ்-நோ-சீரியல், ஜர்னல்-கன்டென்ட் ஆல். இந்த மூன்றும் சேர்ந்தால் நாட் உங்கள் கோப்பைப் படிக்க மட்டும் செய்யும், முன்பிருந்ததற்கும் இப்போதிருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தானே கணக்கிடும், சீரியல் எண்ணையும் தானே ஏற்றிக்கொள்ளும். கோப்பில் உள்ள எண்ணை அது பொருட்படுத்தாது. கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் ஸோன் கோப்புகளை வைத்துத் திருத்தி, புஷ் செய்து, நாட்சி ஸோன்-ரீலோடு கொடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை.

விலை என்னவென்றால், நிலவரத்தின் ஒரு பகுதி ஜர்னலிலும் சாவித் தரவுத்தளத்திலும் இருக்கிறது. கோப்புகளை மட்டும் நகலெடுத்து வைத்துவிட்டு பேக்கப் எடுத்ததாக நினைத்துக்கொள்ளக்கூடாது. நாட்சி ஸோன்-பேக்கப் சாவித் தரவுத்தளத்தையும் சேர்த்தே எடுத்து வைக்கும், ஆனால் ஜர்னலும் வேண்டுமென்றால் அதைத் தனியே கேட்க வேண்டும்.

பவர்டிஎன்எஸ்: எழுதுவது மனிதர் இல்லை என்றால்

வாடிக்கையாளர்கள் வலைக் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு பட்டனை அழுத்தி ரெக்கார்டு சேர்க்கிறார்கள், அல்லது வேறொரு நிரல் ஸோன்களை உருவாக்குகிறது என்றால் கோப்பைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயனில்லை. பவர்டிஎன்எஸ்ஸில் மூலப் பிரதி தரவுத்தளம்தான்: மைசீக்வல், போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட், எல்எம்டிபி என்று விருப்பம் போல. பிடிஎன்எஸ்.கான்ஃப் ஒரு வரிக்கு ஒரு அமைப்பு என்ற எளிய வடிவம். எந்தப் பேக்கெண்டு என்பதை லான்ச் வரியில் சொல்ல வேண்டும். ஸோன்களை பிடிஎன்எஸ்யூடில் கட்டளையாலோ வலை ஏபிஐ வழியாகவோ கையாளலாம். உச்சியில் சிநேம் வைக்க முடியாத சங்கடத்துக்கு அலையஸ் என்ற சொந்த வகை ரெக்கார்டும் வைத்திருக்கிறது.

கோப்பு உலகத்திலிருந்து வருபவர்களைக் குழப்பும் விஷயங்கள் சில. தரவுத்தளத்தில் பெயர்களின் இறுதியில் புள்ளி கூடாது, அதாவது இத்தனை ஆண்டுப் பழக்கத்துக்கு நேர் எதிர். டிஎன்எஸ்செக் போட்ட ஸோனில் எஸ்கியூஎல் கட்டளையால் நேரடியாக வரி சேர்த்தால், அப்புறம் ரெக்டிஃபை (டிஎன்எஸ்செக்குக்கான துணைத் தகவல்களைச் சரிசெய்யும் கட்டளை) செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் 'இல்லை' என்று சொல்லும் பதில்களின் சான்று கெட்டுப்போகும். புது ஸோனை நேரடியாக அட்டவணையில் போட்டால், ஸோன் கேஷ் புதுப்பிக்கும் இடைவெளி 300 வினாடி என்பதால், சர்வர் அதை உடனே அறியாமல் இருக்கலாம். ஏபிஐ வழியாகவே போனால் இந்தத் தொல்லைகளில் பெரும்பாலானவை எழாது.

செகண்டரிகளுக்கு ஸோன் அனுப்பும்போது இன்னொன்று. பவர்டிஎன்எஸ் கையெழுத்தைக் கேள்வி வரும்போதே போடுவதால், கையெழுத்துகள் புதுப்பிக்கப்பட்டாலும் சீரியல் தானாக ஏறாது. எஸ்ஓஏ-எடிட் அமைப்பைச் சரியாக வைக்காவிட்டால் என்எஸ்டி போன்ற செகண்டரி பழைய கையெழுத்துகளையே வைத்துக்கொண்டிருந்து, அவை காலாவதியானதும் பாதி நேரம் வேலை செய்யும் பாதி நேரம் செய்யாத டொமைன் ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். கண்டுபிடிக்க எரிச்சலூட்டும் வகைப் பழுது. எல்லா சர்வர்களும் பவர்டிஎன்எஸ்தான், தரவுத்தளமே பிரதி எடுத்துக்கொள்கிறது என்றால் நேட்டிவ் முறையில் இந்தப் பிரச்சினையே கிடையாது.

எதை எடுப்பது

ஒருவரோ ஒரு சிறு குழுவோ கையால் எழுதும் ஸோன்கள், டிஎன்எஸ்செக்கும் வேண்டும் என்றால் நாட் பிரைமரி. உள்ளே வேறு, வெளியே வேறு பதில் என்ற தேவை இருந்தால், அல்லது குழுவில் எல்லோருக்கும் நேம்டு.கான்ஃப் மட்டும்தான் பழக்கம் என்றால் பைண்டு. தெரிந்ததை நன்றாக நடத்துவது தெரியாத நல்லதைத் தடுமாறி நடத்துவதைவிட மேல். நிரல் எழுதும் ஸோன்கள் என்றால் பவர்டிஎன்எஸ். இவற்றில் எது பிரைமரியாக இருந்தாலும் செகண்டரிகளில் ஒன்றையாவது வேறு மென்பொருளாக, அதாவது பெரும்பாலும் என்எஸ்டியாக, வைக்கச் சொல்வேன். ஒரு பாக்கெட்டில் எல்லா பைண்டையும் கவிழ்க்கும் பிழை வந்தால் என்எஸ்டி நிற்கும். செகண்டரி வேறு நெட்வொர்க்கில், வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பதை ஆர்எஃப்சி 2182 1997-லேயே சொல்லிவிட்டது. ஒரே இயந்திரத்துக்கு இரண்டு முகவரி வைத்து இரண்டு என்எஸ் ரெக்கார்டு எழுதுவது பதிவகத்தின் சோதனையைத் தாண்ட மட்டும் உதவும்.

பிரைமரியை வெளியுலகுக்கே காட்டாமல் மறைத்துவைக்கும் ஏற்பாடும் இதோடு நன்றாகச் சேரும். என்எஸ் ரெக்கார்டுகளில் செகண்டரிகளின் பெயர் மட்டும் இருக்கும். சாவிகள் உள்ள இயந்திரம் ஃபயர்வாலுக்குப் பின்னால் இருந்துகொண்டு செகண்டரிகளோடு மட்டும் பேசும். ஸோன் பரிமாற்றத்துக்கு, இரு சர்வர்களும் பகிரும் ரகசியமான டிசிக் சாவி வையுங்கள், ஹெச்மேக்-ஷா256 போதும். முகவரியை மட்டும் நம்பி அனுமதிப்பதைவிட இது உறுதி. இரண்டு இயந்திரங்களின் கடிகாரமும் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் டிசிக் மறுத்துவிடும், ஆகவே கடிகாரத்தைச் சரிப்படுத்தும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில் 53-ஆம் போர்ட்டை யுடிபிக்கு மட்டும் திறந்துவிட்டு டிசிபியை மறப்பதும் சகஜம்; ஸோன் பரிமாற்றமும் பெரிய பதில்களும் டிசிபியில்தான் போகும்.

ஏற்கெனவே ஓடும் சர்வரிலிருந்து மாறுகிறீர்கள் என்றால், புதியதை முதலில் பழையதன் செகண்டரியாக நிறுத்துங்கள். ஸோன்கள் தாமாக வந்து சேரும். டிக் கட்டளையால் இரண்டிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த பின், புதியதைப் பிரைமரியாக்கி, பதிவாளரிடம் என்எஸ் பெயர்களை மாற்றலாம். டிஎன்எஸ்செக் இருக்கும் டொமைனில் மட்டும் வரிசை முக்கியம்: பழைய சாவிகளைப் புதிய சர்வருக்குக் கொண்டுபோக முடிந்தால் கொண்டுபோங்கள், முடியாவிட்டால் முதலில் பதிவாளரிடம் உங்கள் சாவியைச் சுட்டும் டிஎஸ் ரெக்கார்டை நீக்கி, அதன் டிடிஎல் (மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் காலம்) முழுதாகக் கழியும்வரை காத்திருந்து, பிறகு சர்வரை மாற்றி, கடைசியாகப் புதிய டிஎஸ்ஸைப் பதியுங்கள். பழைய சர்வரை என்எஸ் ரெக்கார்டுகளின் டிடிஎல் தீரும் வரையாவது அணைக்காமல் விட்டுவையுங்கள்.